பூமி எவ்வளவு வேகத்தில் போகிறது? புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து நாமே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

"பூமி எவ்ளோ ஸ்பீடா போவுது சார்?" இந்தக் கேள்வி வராத வான்நோக்கு இரவே கிடையாது. போனில் தேடிப் பார்த்த பிள்ளை மணிக்கு 1,670 கி.மீ. என்று சொல்லும். இன்னொரு பிள்ளை வினாடிக்கு 30 கி.மீ. என்று மறுக்கும். அதற்குள் யாராவது 230 என்பார்கள், 370 என்பார்கள். நான்கு எண்ணும் சரிதான். நான்கும் வேறு வேறு கேள்விக்கான விடைகள். அந்தக் கேள்விகளைப் பிரித்துக் காட்டிவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். ஆனால் எண்களை மனப்பாடம் செய்து என்ன பயன்? ஒவ்வொன்றையும் நாமே போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. எட்டாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் இதில் பெரும்பகுதியைப் போட்டுவிடலாம்.

வேண்டியவை: தாள், பேனா, போனில் இருக்கும் கால்குலேட்டர், சுவரில் தொங்கும் தினசரி காலண்டர், கிழக்கு பார்த்த ஒரு கடற்கரை. தொலைநோக்கி வேண்டாம்.

விதி ஒன்றே ஒன்று. யாராவது ஒரு வேகத்தைச் சொன்னால், "எதைப் பொறுத்து?" என்று உடனே கேளுங்கள். விண்வெளியில் நட்டுவைத்த மைல்கல் கிடையாது. பூமியின் மையத்தைப் பொறுத்து ஒரு வேகம், சூரியனைப் பொறுத்து ஒரு வேகம், பால்வீதியின் நடுவைப் பொறுத்து ஒரு வேகம். படிப்படியாக வெளியே போவோம்.

படி 1: நீங்கள் நிற்கும் இடம் சுழலும் வேகம்

நிலநடுக்கோட்டில் பூமியின் சுற்றளவு 40,075 கி.மீ. புதுச்சேரி நிலநடுக்கோட்டில் இல்லை. வடக்கே ஏறக்குறைய 11.93 பாகையில் இருக்கிறது. அதனால் நாம் சுற்றும் வட்டம் கொஞ்சம் சிறியது. எவ்வளவு சிறியது என்பதை அட்சரேகையின் கொசைன் சொல்லும்: கொசைன் 11.93 = 0.9784. பெருக்கினால் 39,209 கி.மீ. வருகிறது.

ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம்? 24 மணி என்று போடாதீர்கள். சூரியன் மறுபடி உச்சிக்கு வர 24 மணி ஆகும். அதற்குள் பூமி தன் பாதையில் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், அந்தக் கணக்கில் கொஞ்சம் கூடுதல் சுழற்சியும் சேர்ந்திருக்கிறது. விண்மீன்களைப் பொறுத்துப் பார்த்தால் ஒரு முழுச் சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம் 4 வினாடி, அதாவது 23.934 மணி. 39,209-ஐ 23.934-ஆல் வகுத்தால் மணிக்கு 1,638 கி.மீ. வினாடிக்கு 455 மீட்டர். காற்றில் ஒலி வினாடிக்கு 350 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போகிறது. அதைவிட வேகமாகக் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறோம். கடலூருக்கும் ஏறக்குறைய இதே எண்தான். ஸ்ரீநகரில் நிற்பவருக்கு இது மணிக்கு 1,390 கி.மீ. வாக்கில் குறைந்துவிடும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டைக் கிழக்கே வங்கக் கடல் மேல் ஏவுவதில் இந்த 450 மீட்டர் செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது.

இந்தச் சுழற்சியைக் கண்ணால் பார்க்க விடியலில் கடற்கரைக்குப் போங்கள். புதுச்சேரியில் காந்தி சிலை எதிரே கருங்கல் பாறைகள் பக்கம், கடலூரில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச். அடிவானத்தில் மேகம் இல்லாத நாளாக இருக்க வேண்டும். சூரியனின் மேல் விளிம்பு கடலைக் கீறிக்கொண்டு தெரிந்த கணத்தில் போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். கீழ் விளிம்பு தண்ணீரை விட்டு விடுபடும்போது நிறுத்துங்கள். இரண்டேகால் நிமிடம் வாக்கில் வரும். சூரியனின் அகலம் வானத்தில் அரைப் பாகைக்குச் சற்று அதிகம். பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம். ஆக அரைப் பாகைக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். சூரியன் சற்றுச் சாய்வாக ஏறுவதால் சில வினாடிகள் கூடும். சூரியன் ஏறுகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, கிழக்கு அடிவானம் கீழே இறங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். கால் கொஞ்சம் கூசும். அதுதான் உண்மையான காட்சி. பைனாகுலரை மட்டும் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது.

படி 2: தூரம் இல்லாமல் வேகம் இல்லை

சூரியனைச் சுற்றி நாம் போகும் வேகம் வேண்டுமானால் ஒரு தூரம் தெரிய வேண்டும்: பூமியிலிருந்து சூரியன் எத்தனை கிலோமீட்டர்? இங்கேதான் புதுச்சேரி இந்தக் கதைக்குள் வருகிறது.

1619-இல் ஜெர்மன் வானியலாளர் கெப்ளர் வெளியிட்ட விதி கோள்களின் தூரங்களுக்கு இடையே உள்ள விகிதத்தைச் சொன்னது. சூரியனிலிருந்து வியாழன் நம்மைவிட 5.2 மடங்கு தள்ளி இருக்கிறது என்று தெரிந்தது. அந்த ஒரு மடங்கு எத்தனை கிலோமீட்டர் என்பது தெரியவில்லை. வெள்ளிக் கோள் சூரிய வட்டத்தின் மேல் கரும்புள்ளியாகக் கடந்து போகும்போது, பூமியின் வெவ்வேறு மூலைகளிலிருந்து நேரம் குறித்தால் அந்தத் தூரத்தைப் பிடித்துவிடலாம் என்று 1716-இல் ஆங்கில வானியலாளர் எட்மண்ட் ஹாலி வழி சொன்னார். ஒவ்வோர் ஊரிலிருந்தும் பார்க்க, புள்ளி கடக்கும் கோடு சற்றே மேலும் கீழுமாக விலகும். அந்த விலகலில் தூரம் ஒளிந்திருக்கிறது. கடப்பு வரவிருந்த ஆண்டுகள் 1761, 1769.

பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜான்தீ இதற்காகவே 1760-இல் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். அவர் வந்து சேரும் முன்பே, 1761 ஜனவரியில், ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. இறங்க முடியவில்லை. 1761 ஜூன் 6 அன்று அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலிலிருந்து கடப்பைப் பார்த்தார். பயன்படும் அளவு ஒன்றும் எடுக்க முடியவில்லை. ஊருக்குத் திரும்பாமல் அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டு இந்தியப் பெருங்கடல் பக்கமே காத்திருந்தார். 1768-இல் புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தபோது வந்து இறங்கினார். இடிந்து கிடந்த கோட்டை மேல் அவருக்கு ஒரு வானோக்கு நிலையம் எழுப்பிக் கொடுத்தார்கள். 1769 ஜூன் 4 விடியலில் மேகம் மூடியது. கடப்பு முடிந்த கொஞ்ச நேரத்தில் சூரியன் பளிச்சென்று வந்தது. முதலில் அவர் தங்க நினைத்திருந்த மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்தது. 1771-இல் பிரான்சுக்குத் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாக முடிவு கட்டி பிரெஞ்சு அறிவியல் அகாதெமியில் அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

அவரை நினைத்து வருத்தப்படுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. புதுச்சேரியில் இருந்த நாட்களில் அவர் உள்ளூர்த் தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணிதம் கற்றுக்கொண்டார். தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைக் கொண்டு, எழுதுகோல் இல்லாமலேயே போடும் கணக்கு அது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் மொத்த நேரத்தை அந்தத் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைவாகச் சொன்னது. அன்றைய ஐரோப்பாவில் பேர்பெற்றிருந்த டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 வினாடி கூடுதலாகச் சொன்னது. இதை எழுதி வைத்தவர் லெ ஜான்தீயேதான். அவருடைய பயணத்தின் உண்மையான விளைச்சல்களில் இதுவும் ஒன்று என்பது என் எண்ணம்.

மற்ற இடங்களில் கடப்பைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். டஹிட்டித் தீவில் கேப்டன் குக் குழு அவற்றுள் ஒன்று. அந்த அளவுகளை வைத்து 1771-இல் பிரெஞ்சு வானியலாளர் லலாந்து சொன்ன சூரியனின் தூரம் 15.3 கோடி கி.மீ. வாக்கில் இருந்தது. 1961-இல் வெள்ளிக் கோளின் மேல் ரேடார் அலை வீசித் திரும்பி வரும் நேரத்தை அளந்தார்கள். பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள சராசரித் தூரத்தை ஓர் அலகாக வைத்து, இன்று அது 14,95,97,870.7 கி.மீ. என்று 2012-இல் நிலைப்படுத்தப்பட்டிருக்கிறது. நமக்கு 14.96 கோடி போதும்.

படி 3: சூரியனைச் சுற்றும் வேகம்

2 × 3.1416 × 14.96 கோடி = 94 கோடி கி.மீ. இது ஓராண்டுப் பயணம். ஓராண்டு என்பது 365.25 நாள், அதாவது 3,15,57,600 வினாடி. வகுத்தால் வினாடிக்கு 29.78 கி.மீ. லலாந்தின் 15.3 கோடியைப் போட்டுப் பாருங்கள்: 30.5 வருகிறது. 1771-இலேயே இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

இந்த எண்ணைக் கைக்குள் கொண்டுவர: புதுச்சேரியிலிருந்து கடலூர் தூரத்தை ஒரு வினாடி ஆவதற்குள் கடந்துவிடுகிறோம். சென்னை தூரம் ஐந்து வினாடி. தன் விட்டத்தின் அளவு தூரத்தைப் பூமி ஏழே நிமிடத்தில் கடக்கிறது. ஒரு நாழிகைக்கு, அதாவது 24 நிமிடத்துக்கு, 42,900 கி.மீ.; பூமியையே ஒரு சுற்றுச் சுற்றி வரும் தூரத்தைவிட அதிகம்.

இவ்வளவு வேகத்தை ஏன் உணர்வதில்லை? உடம்புக்குத் தெரிவது வேகம் அல்ல, வேகத்தில் ஏற்படும் மாற்றம். அந்த மாற்றம் இங்கே மிகச் சிறியது. ஒரு வினாடியில் பூமி 29.78 கி.மீ. முன்னே போகிறது, அதே வினாடியில் நேர்கோட்டிலிருந்து சூரியன் பக்கம் வளைவது 3 மில்லிமீட்டர். போதாததற்கு அந்த வளைவில் நாமும் கடலும் காற்றும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறோம். ஒன்றுக்கொன்று தள்ளுமுள்ளு இல்லை.

படி 4: சுவரில் தொங்கும் காலண்டரை வைத்துச் சரிபார்ப்பது

எனக்கு மிகவும் பிடித்த படி இது. 29.78 என்பது சராசரி. பாதை நீள்வட்டம் என்பதால் வேகம் ஆண்டு முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்கு மிகப் பக்கத்தில், 14.71 கோடி கி.மீ. தொலைவில், வினாடிக்கு 30.29 கி.மீ. ஜூலை தொடக்கத்தில் மிகத் தள்ளி, 15.21 கோடி கி.மீ. தொலைவில், 29.29 கி.மீ. ஒரு கிலோமீட்டர் வித்தியாசம்.

இதற்குச் சாட்சி உங்கள் வீட்டுக் காலண்டரிலேயே இருக்கிறது. மார்கழிக்கு எத்தனை நாள் என்று எண்ணுங்கள்: 29 அல்லது 30. ஆனிக்கு எண்ணுங்கள்: 31 அல்லது 32. ஆங்கில மாதங்களின் நாட்கள் மனிதர்கள் வைத்த வழக்கம். தமிழ் மாதம் அப்படி அல்ல. சூரியன் ஒரு ராசியை, அதாவது 30 பாகையை, கடக்க எடுக்கும் நேரம் அது. சூரியன் நகர்வதாகத் தெரிவது நம் ஓட்டத்தால்தான். நாம் வேகமாகப் போனால் ராசி சீக்கிரம் கடக்கும், மாதம் குறையும்.

கணக்காகவே போடலாம். ஜனவரி தொடக்கத்தில் ஒரு நாளில் போகும் தூரம் 30.29 × 86,400 = 26.17 லட்சம் கி.மீ. அதை 14.71 கோடியால் வகுத்து 57.296-ஆல் (விடையைப் பாகையாக மாற்றும் எண் இது) பெருக்குங்கள்: நாளுக்கு 1.019 பாகை. 30 பாகைக்கு 29.4 நாள். ஜூலைக்கு இதே கணக்கு: 29.29 × 86,400 = 25.31 லட்சம், 15.21 கோடியால் வகுத்து 57.296-ஆல் பெருக்கினால் நாளுக்கு 0.953 பாகை. 30 பாகைக்கு 31.5 நாள். மார்கழியும் ஆனியும் அப்படியே வந்து நிற்கின்றன!

வேக வித்தியாசம் மூன்றரை சதவீதத்துக்குப் பக்கம்தான். மாத நீளத்தில் வித்தியாசம் ஏழு சதவீதத்துக்குப் பக்கம் ஏன்? பக்கத்தில் இருக்கும்போது அதே தூரம் பெரிய கோணமாகத் தெரிவதால். இரண்டும் சேர்ந்துதான் ஏழு. மார்கழியில் சூரியனுக்குப் பக்கத்தில் இருந்தும் ஏன் குளிர்கிறது என்று இந்த இடத்தில் கட்டாயம் கேட்பார்கள். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதுதான் பருவத்துக்குக் காரணம், தூரம் அல்ல.

இன்னொரு சாட்சி 1720களின் இறுதியில் ஆங்கில வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லி கண்டது. ஓடும் பூமியிலிருந்து பார்க்கையில் விண்மீன் ஒளி சற்று முன்பக்கம் சாய்ந்து வருகிறது. சாய்வு 20.5 விகலை. ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கு விகலை. 20.5-ஐ 2,06,265-ஆல் (57.296 பாகையில் இருக்கும் விகலைகள் இவ்வளவு) வகுத்து, ஒளியின் வேகமான 2,99,792-ஆல் பெருக்குங்கள். 29.8. சூரியனின் தூரத்தையே தொடாமல் வேறு வழியில் வந்த அதே எண்.

படி 5: மற்ற கோள்கள்

இதற்குப் பெரிய அட்டவணை வேண்டாம். ஒரு கோள் சூரியனைச் சுற்றிவர எத்தனை ஆண்டு என்று தெரிந்தால் போதும். அந்த ஆண்டுக் கணக்கின் கனமூலத்தால் 29.78-ஐ வகுத்தால் வேகம் வந்துவிடும். படி 2-இல் பார்த்த கெப்ளரின் விதியிலிருந்து (அவருடைய மூன்றாம் விதி அது) நேராக வருவது இது. கனமூலத்துக்கு, பல போன்களில் கால்குலேட்டரைக் குறுக்காகத் திருப்பினால் அறிவியல் பொத்தான்கள் வரும்.

ஆண்டுக் கணக்கு எங்கே கிடைக்கும்? நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சனிப்பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் காரைக்காலில், திருநள்ளாற்றில் கூடும் கூட்டமே சொல்லிவிடும். பன்னிரண்டு ராசிக்கும் சேர்த்து 30 ஆண்டு. 30-இன் கனமூலம் 3.107. வகுத்தால் 9.6. நவீன அளவான 29.46 ஆண்டைப் போட்டாலும் 9.6 தான். குருப்பெயர்ச்சி ஆண்டுக்கு ஒன்று, பன்னிரண்டு ஆண்டுச் சுற்று, கனமூலம் 2.289, வேகம் 13. பெயர்ச்சியின் பலன் குறித்து இங்கே பேச்சில்லை. பெயர்ச்சி என்பது வானத்தில் அளந்த நகர்வு, அதற்குள் இந்த வேகம் இருக்கிறது.

மற்றவை: புதன் 47.9, வெள்ளி 35, செவ்வாய் 24.1, யுரேனஸ் 6.8, நெப்டியூன் 5.4, எல்லாம் வினாடிக்குக் கிலோமீட்டரில். புதனின் பாதை அதிகமாக நசுங்கிய நீள்வட்டம் என்பதால் அதன் வேகம் 39-க்கும் 59-க்கும் இடையே ஏறி இறங்கும்.

பஞ்சாங்கத்தில் 'வக்ரம்' என்று போட்டிருக்கும் நாட்களில் செவ்வாய் பின்னோக்கிப் போவதாகத் தெரிவதும் இந்த வேக வித்தியாசத்தால்தான். ஈ.சி.ஆரில் நம் பஸ் இன்னொரு பஸ்ஸை முந்தும்போது, அது தூரத்து சவுக்குத் தோப்பின் முன்னால் பின்னே நழுவுவது போலத் தெரியுமே, அதுதான். நம் 29.8 செவ்வாயின் 24.1-ஐ முந்துகிறது, ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறை இது நடக்கும்.

படி 6: பூமியின் முன்பக்கம் எது?

வேகத்துக்குத் திசையும் உண்டு. அதைக் கையை நீட்டியே காட்டலாம். பூமி போகும் திசை, வானத்தில் சூரியனுக்கு 90 பாகை மேற்கே இருக்கும் புள்ளி. அப்படியானால் சூரியன் உதிக்கும் நேரத்தில் அந்தப் புள்ளி ஏறக்குறைய நம் தலைக்கு மேலே. நண்பகலில் மேற்கு அடிவானம். மாலையில் நம் காலுக்குக் கீழே. அப்போது தலைக்கு மேலே இருப்பது பூமியின் பின்பக்கம். நள்ளிரவில் கிழக்கு. நள்ளிரவில் சுழற்சியும் கிழக்கே, ஓட்டமும் கிழக்கே. ஆகவே சூரியனைப் பொறுத்து நாம் மிக வேகமாகப் போவது அப்போதுதான்.

எரிகல் பொழிவை நள்ளிரவுக்குப் பிறகு பாருங்கள் என்று சொல்வதன் காரணம் இதுவே. விடியலில் நாம் முன்பக்கத்தில் நிற்கிறோம். நவம்பர் நடுவில் வரும் லியோனிட் எரிகற்கள் வினாடிக்கு 71 கி.மீ. வேகத்தில் நுழைகின்றன. பூமி இருக்கும் தூரத்தில், சூரியனைச் சுற்றும் ஒரு பொருளுக்கு 42 கி.மீ.க்கு மேல் வேகம் இருந்தால் அது சூரியனை விட்டே போய்விடும். அப்படியிருக்க 71 எப்படி வந்தது? நேர் எதிரே வருகின்றன. அவற்றின் 41 வாக்கும் நம் 30-உம் கூட்டல். நம் ஊரில் நவம்பர் மழைக்காலம். பெரும்பாலும் மேகம்தான் மிஞ்சும். டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் பொழிவைப் பாருங்கள். அவை பக்கவாட்டில் வருவதால் வேகம் 35 வாக்கில்தான். பொறுமையாக வானத்தில் கோடு போட்டுப் போகும். நகர வெளிச்சம் விழாத இடம் அவசியம். வீராம்பட்டினத்துக்குத் தெற்கே, அல்லது காலாப்பட்டைத் தாண்டி வடக்கே இருளான கடற்கரை கிடைக்கும். தனியாகப் போகாதீர்கள்.

படி 7: சூரியன் நம்மை எங்கே இழுத்துப் போகிறது?

1783-இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் ஒரு சில விண்மீன்களின் மெல்லிய நகர்வை வைத்து ஒன்றைக் கண்டார். ஒரு பக்கத்து விண்மீன்கள் விலகி விரிகின்றன, எதிர்ப்பக்கத்தில் நெருங்கிச் சேர்கின்றன. விரியும் பக்கம்தான் சூரியன் போகும் திசை. ஹெர்குலிஸ் விண்மீன் கூட்டத்தில், நம் மரபு அபிஜித் என்று அழைக்கும் வேகா விண்மீனுக்குச் சற்றுப் பக்கத்தில். அக்கம்பக்கத்து விண்மீன்களின் சராசரியைப் பொறுத்து வேகம் வினாடிக்கு 20 கி.மீ. வாக்கில். ஆடி, ஆவணி மாத முன்னிரவில் வடக்கு வானில் நல்ல உயரத்தில் நீல வெள்ளையாக ஒளிரும் அபிஜித்தைப் பார்த்தால், மொத்தச் சூரியக் குடும்பமும் போகும் பக்கத்தைப் பார்க்கிறீர்கள்.

படி 8: பால்வீதியைச் சுற்றி

அந்த அக்கம்பக்கத்து விண்மீன்கள் எல்லாமும் சேர்ந்து பால்வீதியின் நடுவைச் சுற்றுகின்றன. நடுவில் சூரியனைப் போல் 40 லட்சம் மடங்குக்கு மேல் நிறை கொண்ட கருந்துளை இருக்கிறது. அதைக் காட்டியதற்காக ரைன்ஹார்ட் கென்செல், ஆண்ட்ரியா கெஸ் இருவரும் 2020-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். தூரம் 26,700 ஒளியாண்டு, அதாவது 2,53,000 லட்சம் கோடி கி.மீ. அந்தக் கருந்துளை, மிகத் தொலைவில் உள்ள பின்னணி ஒளிர்வுகளைப் பொறுத்து ஆண்டுக்கு 6.4 மில்லிவிகலை (விகலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிவிகலை) நகர்வதாக ரேடியோ தொலைநோக்கிகளில் தெரிகிறது. நகர்வது அது அல்ல, நாம். 6.4 மில்லிவிகலையை இந்தத் தூரத்தில் கிலோமீட்டராக மாற்றினால் ஆண்டுக்கு 785 கோடி கி.மீ. ஓராண்டின் வினாடிகளால் வகுத்தால் 249. இதில் 12 வாக்கில் சூரியனின் சொந்த ஓட்டத்தின் பங்கு. மிச்சம் ஏறக்குறைய 235, நம் பகுதி முழுவதும் சுற்றும் வேகம்.

பல புத்தகங்களில் 220 என்று இருப்பது 1985-இல் ஒப்புக்கொண்ட மதிப்பு. அதை வைத்தால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 கோடி ஆண்டு வரும்; புதிய அளவுகளில் 21 கோடி வாக்கில். போன சுற்றில் நாம் இந்தப் பக்கம் இருந்தபோது பூமியில் டைனோசர்கள் தலையெடுத்துக்கொண்டிருந்தன.

போகும் திசை சிக்னஸ் விண்மீன் கூட்டத்தின் பக்கம். நடு இருப்பது தனுசுப் பக்கம். ஆடி மாத இரவு ஒன்பது மணி வாக்கில் தெற்கே பார்த்தால், வானத்தின் பாதி உயரத்தில் அந்த நடு இருக்கும். போகும் திசை அப்போது வடகிழக்கில்.

வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றும் ஒரு வீடியோவைக் குறித்துச் சொல்லியாக வேண்டும். சூரியன் முன்னால் பாய, கோள்கள் அதன் வால் போலப் பின்னால் சுருண்டு வருவதாகக் காட்டும். சுருள் பாதை என்பது வரை சரி. எப்போதும் பின்னால் என்பது தவறு. கோள்கள் சுற்றும் தளம் பால்வீதித் தளத்துக்கு 60 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் கோள்கள் சில காலம் சூரியனுக்கு முன்னாலும் சில காலம் பின்னாலும் வரும். செப்டம்பர் தொடக்கத்தில் பூமி சூரியனைவிட 7 கோடி கி.மீ.க்கு மேல் முன்னால் இருக்கிறது. மார்ச் தொடக்கத்தில் அதே அளவு பின்னால். இழுத்துப் போக அங்கே கயிறு எதுவும் இல்லை. சூரியனும் கோள்களும் ஒரே வேகத்தில் சேர்ந்து போகின்றன.

படி 9: கடைசி அளவுகோல்

பால்வீதியும் நிற்கவில்லை. அப்படியானால் எதைப் பொறுத்து அளப்பது? அண்டத்தின் தொடக்க காலத்திலிருந்து மிஞ்சி, அண்டம் முழுக்க நிறைந்திருக்கும் நுண்ணலைப் பின்னணி ஒளியைப் பொறுத்து. 1965-இல் பென்சியாஸ், வில்சன் இருவரும் அறிவித்த இந்த ஒளியின் வெப்பநிலை 2.725 கெல்வின் (மிகக் கீழான வெப்பநிலையைச் சுழியாக வைத்து எண்ணும் அளவு). நாம் போகும் பக்கம் அது இம்மியளவு சூடாகவும், எதிர்ப்பக்கம் இம்மியளவு குளிராகவும் தெரிய வேண்டும். 1970களில் யு-2 உளவு விமானத்தில் கருவியை ஏற்றிப் பறந்து அந்த வித்தியாசத்தைத் தெளிவாகப் பிடித்தார்கள். பிறகு 1989-இல் ஏவிய கோபி, 2009-இல் ஏவிய பிளாங்க் செயற்கைக்கோள்கள் அதைத் துல்லியமாக்கின: 0.00336 கெல்வின்.

0.00336-ஐ 2.725-ஆல் வகுத்து, 2,99,792-ஆல் பெருக்குங்கள். வினாடிக்கு 370 கி.மீ. திசை சிம்ம ராசியின் தெற்கு ஓரம். சூரியக் குடும்பத்துக்கு இதைவிடப் பொதுவான ஒரு வேகம் சொல்ல முடியாது.

இங்கே பலரும் எல்லா எண்களையும் கூட்டிவிடுகிறார்கள்: 0.45, 30, 20, 235, 370 என்று. கூட்டக் கூடாது. முதல் காரணம், 370 என்பதற்குள் சூரியனின் எல்லா ஓட்டமும் ஏற்கனவே அடங்கிவிட்டது. இரண்டாவது, திசைகள் வேறு. பால்வீதிக்குள் சூரியன் போகும் திசையும் பின்னணி ஒளியைப் பொறுத்துப் போகும் திசையும் பெரும்பாலும் எதிரெதிர். பால்வீதியும் பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமெடாவும் அடங்கிய நம் உள்ளூர்க் கூட்டம் பின்னணியைப் பொறுத்து 620 கி.மீ. வாக்கில் போகிறது, பால்வீதிக்குள் நாம் சுற்றுவது அதில் ஒரு பங்கைக் கழித்து 370 ஆக்கிவிடுகிறது. ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி 300 கி.மீ. வேகத்தில் வருகிறது என்றும், 110 கி.மீ. என்றும் இரண்டு விதமாகப் படிப்பீர்கள். முதலாவது சூரியனைப் பொறுத்து, இரண்டாவது பால்வீதியின் நடுவைப் பொறுத்து.

பூமிக்கு மட்டும் 370-உம் நிலையானது அல்ல. படி 3-இல் போட்ட 30 இதன் மேல் ஆண்டு முழுக்க ஏறி இறங்குகிறது. கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கும் சமயத்தில் பூமியின் ஓட்டமும் சூரியனின் ஓட்டமும் ஏறக்குறைய ஒரே பக்கம். வேகம் 400-ஐத் தொடும். வைகாசி முடிந்து ஆனி பிறக்கும் சமயத்தில் எதிர்ப்பக்கம். 340 வாக்கில் இறங்கும். பிளாங்க் செயற்கைக்கோளும் பூமியோடு சேர்ந்து சூரியனைச் சுற்றியதால் இந்த ஏற்ற இறக்கம் அதன் அளவுகளில் ஆண்டுதோறும் பதிவானது. நம் சுற்றுப்பாதை வேகம் மிகத் துல்லியமாகத் தெரிந்த ஒன்று. எனவே அதன் குழுவினர் தங்கள் கருவி காட்டும் வெப்பநிலை சரிதானா என்று தரம் பார்க்க அந்த 30 கி.மீ.யையே பயன்படுத்தினார்கள்.